பறக்கும் கவிஞருக்குப் பதிப்பாளர் இல்லை

வறுமையில் உழலும் எழுத்தாளனின் கதையைக் கண்ணீர் விடாமல் சொல்ல முடியுமா? முடியும் என்று காட்டியது ஒரு வங்க நாவல். ஜாதவ்பூர் பேராசிரியை ஒருவர் அதைச் சித்திரக்கதையாகவும் ஆக்கினார்.

தெற்குக் கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் 'சுலேகா' என்று ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. யாரோ ஒரு பெருமாட்டியின் நினைவாக வைத்த பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கக்கூடும். உண்மையில் அது ஒரு மையின் பெயர். வெள்ளைக்காரன் மையைத் தொட்டு சுதந்திரத்தைப் பற்றி எழுத மனம் ஒப்பாத காலத்தில், காந்திஜியின் விருப்பத்தை ஏற்று மைத்ரா சகோதரர்கள் சுதேசி மை காய்ச்சத் தொடங்கினார்கள். 1934-இல் இன்றைய வங்கதேசத்தில் உள்ள ராஜ்ஷாஹியில் பிறந்த அந்த நிறுவனம் பிறகு ஜாதவ்பூரில் ஆலை கட்டியது. ஒரு தலைமுறை வங்காளிகள் காதல் கடிதமும் கணக்குப் பரீட்சையும் எழுதியது சுலேகா மையில்தான். 1980-களின் கடைசியில் ஆலை மூடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் திறந்து, 2020-இல் பேனா மையைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

மை காய்ச்சியவர்கள் எப்படியோ கரை சேர்ந்தார்கள். அந்த மையைத் தொட்டு எழுதியவர்கள்?

அந்தக் கேள்விக்கு வங்க இலக்கியம் பெரும்பாலும் கண்ணீரால் பதில் சொல்லி வந்தது. சிரிப்பால் பதில் சொன்னவர் புரந்தர் பாட். மெலிந்த சட்டைப்பையும் கனத்த கவிதை நோட்டும் உடைய கவிஞர் இவர். பதிப்பாளர் கிடையாது. பரிசு கிடையாது. மேடையில் நாற்காலி கிடையாது. பெயர் என்னவோ தேவேந்திரனுடையது. குலப்பெயரான பாட், ராஜசபைகளில் புகழ் பாடிய பாணர்களைக் குறிக்கும் சொல். ஆனால் கொல்கத்தா இளவட்டங்களின் பேச்சில் அதே சொல்லுக்கு வெட்டிப் பேச்சு என்று அர்த்தம். இந்தக் கவிஞரிடம் ஒரே ஒரு அதிசயம் உண்டு. அர்த்தமில்லாத ஒரு மந்திரத்தை முணுமுணுத்தால் அவரால் பறக்க முடியும்.

புரந்தர் பாட் ஒரு கற்பனைப் பாத்திரம். அவரைப் படைத்தவர் நபாருண் பட்டாச்சார்யா. 2003-இல் வெளிவந்த அவருடைய 'காங்கால் மால்சாட்' நாவலை, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் திரைப்படக் கல்வித் துறைப் பேராசிரியை மதுஜா முகர்ஜி வங்க மொழியிலேயே சித்திர நாவலாக்கினார். எழுத்தாளனின் அவலம் நகைச்சுவையாக மாறும்போது என்ன நடக்கிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள் இந்த நாவலையும், அது பட்ட பாட்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

பஞ்சைகளின் படை

'மால்சாட்' என்பது மல்லர்கள் களத்தில் இறங்குமுன் தொடை தட்டிச் சவால் விடுவது. 'காங்கால்' என்றால் ஒன்றுமில்லாதவன். தமிழில் சொன்னால் 'பஞ்சைப் பராரிகளின் தொடைதட்டல்'. பயில்வான் தொடை தட்டினால் பயம் வரும். எலும்பும் தோலுமானவன் தட்டினால் முதலில் சிரிப்புதான் வரும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடி விழுகிறது. நாவலின் தந்திரம் இதுதான்.

கதையில் மூன்று பறக்கும் மனிதர்கள். இவர்களுக்கு நபாருண் வைத்த பெயர் 'ஃப்யாதாரு'. அகராதியில் தேடினால் கிடைக்காது. ஒருவர் மதன், பொய்ப்பல் செட்டை வாயில் வைப்பதைவிடச் சட்டைப்பையில் வைப்பதே அதிகம். இன்னொருவர் டி.எஸ்.; பெயர் ஒரு விஸ்கியிலிருந்து வந்தது. மூன்றாமவர் நம் கவிஞர். வேலை வெட்டி இல்லாத இந்த மூவரும் இரவில் பறந்து போய் பணக்காரர்களின் விருந்துகள் மீது அழுக்கைக் கொட்டுகிறார்கள். அவர்களால் புரட்சி செய்ய முடியாது. கேட்டால், அவர்களுக்கே அதில் பெரிய நம்பிக்கையும் இல்லை. அடுத்தவன் சாப்பாட்டு இலையில் மண்ணைப் போடுவது ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கும் அரசியல்.

'காங்கால் மால்சாட்'டில் இவர்கள் 'சோக்தார்' எனப்படும் மாந்திரீகக் கூட்டத்தோடு சேர்கிறார்கள். கூட்டத் தலைவன் போதி. எல்லோருக்கும் மேலே தண்டவாயஸ் என்ற கிழட்டுக் காக்கை. வாயசம் என்றால் காகம் என்று தமிழ்ப் புலவர்களுக்கும் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் நான்கு முறை மணம் செய்துகொண்டு, 1812 வரை வாழ்ந்து, இன்றும் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் கல்லறை கொண்டிருக்கும் பேகம் ஜான்சன் ஆவியாக வருகிறார். ஆதி கங்கைக் கரையில் வெட்டுண்ட தலைகள் உருளும் காட்சியோடு நாவல் தொடங்குகிறது. மாநில அரசின் மீது போர் அறிவிக்கப்படுகிறது. பறக்கும் தகடுகள் வந்து தலைகளைச் சீவுகின்றன. ஓட்டைப் பீரங்கி ஒன்று வெடிக்கிறது. போலீஸ் கதிகலங்குகிறது. கடைசியில் அரசு சமரசம் பேச இறங்கி வருகிறது.

எந்த அரசு? அங்கேதான் ஜாதவ்பூர் மறுபடி கதைக்குள் நுழைகிறது. நாவல் வெளிவந்தபோது மேற்கு வங்கத்தை ஆண்டது இடது முன்னணி. முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா. அவருடைய சட்டமன்றத் தொகுதி ஜாதவ்பூர். 1987 முதல் 2011-இல் தோற்கும்வரை அந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை. கவிதை மொழிபெயர்ப்பார், நாடகம் எழுதுவார். வங்கத்தின் புகழ்பெற்ற இளங்கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா அவருக்குச் சித்தப்பா முறை. இலக்கியம் தெரிந்த முதல்வரின் ஆட்சியில், இலக்கியம் சோறு போடாத கவிஞன் ஒருவன் வானத்தில் பறந்து அழுக்கைக் கொட்டுகிறான்.

இறந்த பிறகு வந்த புத்தகம்

சுகாந்த பட்டாச்சார்யாவின் கதையும் ஜாதவ்பூரில்தான் முடிந்தது. பசித்தவன் கண்ணால் உலகைப் பார்த்த கவிஞர் அவர். கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்காக ஓடி ஓடி உழைத்தவர். காசநோய் பிடித்தது. ஜாதவ்பூரில் அப்போது காசநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கேதான் 1947 மே 13-ஆம் தேதி இறந்தார். வயது இருபது. அவர் பிறந்தது ஆகஸ்ட் 15. இன்னும் மூன்று மாதம் உயிரோடு இருந்திருந்தால் இருபத்தோராவது பிறந்தநாளும் தேசத்தின் சுதந்திர நாளும் ஒன்றாக வந்திருக்கும். முதல் கவிதைத் தொகுதி அவர் இறந்த பிறகே வெளிவந்தது. தன் பெயர் போட்ட புத்தகத்தை அவர் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை. அந்த மருத்துவமனை இருந்த இடத்தில் இன்று ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி நிற்கிறது.

அடுத்த ஆண்டே, 1948-இல், திருவனந்தபுரத்தில் அதே நோய்க்குத் தமிழ் ஒரு மேதையைக் கொடுத்தது. புதுமைப்பித்தன் சினிமாவுக்கு வசனம் எழுதிச் சம்பாதிக்கப் போய், உடைந்த உடம்போடு திரும்பி, நாற்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார். வங்காளத்தில் மாணிக் பந்தோபாத்யாய் நாற்பதுக்குக் கிட்டத்தட்ட நாவல்கள் எழுதியும் வறுமையும் வலிப்பும் குடியும் விடாமல், 1956-இல் நாற்பத்தெட்டு வயதில் இறந்தார். சோற்றுக்கு வழி செய்துகொள்ளாமல் வங்காளத்தில் யாரும் இலக்கியம் செய்ய வரக்கூடாது என்று கடைசிக் காலத்தில் அவர் சொன்னதாக இன்றும் எழுத்தாளர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த மரணங்களைப் பற்றி இரு மொழிகளிலும் இரங்கற் கவிதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் புதுமைப்பித்தன் தன் போன்றவர்களின் பாட்டை எழுதிய விதம் வேறு. அவருடைய 'ஒரு நாள் கழிந்தது' கதையின் முருகதாசர் மகத்தான நாவல் எழுதும் கனவோடு சென்னையின் ஒண்டுக்குடித்தனத்தில் மனைவி, மகளோடு காலம் தள்ளுகிறார். வீட்டுக்கு வந்த நண்பரிடமே கடன் கேட்கும் நிலை. வாசகர் அழ ஆயத்தமாகும்போது ஆசிரியர் நமுட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார். முருகதாசரின் வறுமையைவிட, அந்த வறுமையிலும் விடாத அவருடைய பந்தாதான் கதையை நகர்த்துகிறது. வறுமையைப் புனிதமாக்காமல் இருப்பதே எழுத்தாளனுக்குச் செய்யும் மரியாதை என்று புதுமைப்பித்தனுக்குத் தெரிந்திருந்தது.

அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2002-இல், தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. உயிரோடிருந்தபோது காப்பித்தூளுக்குக் கணக்குப் பார்த்தவரின் எழுத்து ஊர்ச் சொத்தாயிற்று. இதையும் அவரே ஒரு கதையாக எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலை போன வீடு

நபாருணுக்கு எழுத்தாளர் குடும்பத்துத் துன்பத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1948-இல் பிறந்த அவருடைய தந்தை, வங்கப் பஞ்சத்தைப் பற்றி 1944-இல் மேடையேறிய 'நபான்ன' நாடகத்தை எழுதிய பிஜோன் பட்டாச்சார்யா. தாய் மகாஸ்வேதா தேவி. புகழுக்குப் பஞ்சமில்லாத வீடு, மற்றதற்கெல்லாம் பஞ்சம். தபால் தந்தித் துறைக் கணக்கு அலுவலகத்தில் மகாஸ்வேதாவுக்குக் கிடைத்த வேலை, கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் பறிபோனது. சோப்பு விற்றும் குடும்பம் நடத்தியிருக்கிறார். 1964-இல்தான் ஜாதவ்பூரை ஒட்டிய பிஜோய்கட் கல்லூரியில் ஆங்கில ஆசிரியையாக ஒரு நிலையான வேலை அமைந்தது. பிஜோய்கட், தேசப் பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் கைவிடப்பட்ட ராணுவக் கொட்டகைகளில் குடியேறி உருவாக்கிய காலனி. ஜாதவ்பூர் வட்டாரம் முழுக்கவே இப்படி அகதிகள் கையால் எழும்பியதுதான். ஒன்றுமில்லாதவர்கள் தொடை தட்டுவது இங்கே வெறும் உவமை அல்ல.

நபாருண் 1973 முதல் சோவியத் செய்தி இதழ் ஒன்றின் வங்கப் பதிப்பில் வேலை பார்த்தார். 1991-இல் சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. வேலையும் போயிற்று. முதலாளி திவாலாகி வேலை இழந்தவர்கள் உண்டு. ஒரு வல்லரசு திவாலாகி வேலை இழந்த எழுத்தாளர்கள் குறைவு. நபாருண் அதற்குப் பிறகு எழுதியதுதான் அவரை நிலைநிறுத்திய 'ஹெர்பர்ட்' நாவல். செத்தவர்களோடு பேசித் தருவதாகப் போர்டு மாட்டிக் கடை வைத்த ஒரு மொட்டைமாடி அநாதையின் கதை அது. கொஞ்சம் கவிதையும் எழுதும் ஹெர்பர்ட், பகுத்தறிவுவாதிகளின் மிரட்டலுக்குப் பயந்து தற்கொலை செய்துகொள்கிறான். மின்சார மயானத்தில் எரிக்கும்போது மெத்தைக்குள் நக்ஸலைட் மருமகன் எப்போதோ ஒளித்து வைத்த வெடிகுண்டு வெடித்து மயானமே பெயர்ந்துபோகிறது. இந்த நாவலுக்கு 1997-இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

ஹெர்பர்ட் செத்த பிறகு வெடித்தான். புரந்தர் பாட் உயிரோடு பறக்கிறார். இரண்டுக்கும் நடுவே நபாருண் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. தோற்றவனைச் சாகடித்து வாசகனின் அனுதாபத்தை வாங்கித் தருவது சுலபம். அவனை உயிரோடு விட்டு, எரிச்சலூட்டுபவனாக, கெட்ட வார்த்தை பேசுபவனாக, மட்டமான எதுகை மோனை எழுதுபவனாக நடமாட விடுவதுதான் கஷ்டம். புரந்தர் பாட் நல்ல கவிஞர் என்று நபாருண் எங்கும் வாதாடவில்லை. திறமைசாலிக்கு உலகம் அநியாயம் செய்துவிட்டது என்பது வழக்கமான புலம்பல். திறமை இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், மனிதன் சாப்பிட வேண்டாமா என்பது புரந்தரின் கேள்வி.

மாயாவியும் ஃப்யாதாருவும்

இப்படிப்பட்ட கதையை வரைவது எளிதல்ல. நாவலில் 'பறந்தார்' என்று ஒரு சொல் எழுதினால் போதும். மற்றதை வாசகர் பார்த்துக்கொள்வார். சித்திரத்தில் கால் எப்படித் தொங்குகிறது, செருப்பு இருக்கிறதா விழுந்துவிட்டதா, கீழே தெரிவது எந்தத் தெரு என்று எல்லாவற்றுக்கும் ஓவியர் பதில் சொல்லியாக வேண்டும். அதோடு, பறக்கும் மனிதன் என்றாலே காமிக்ஸ் வாசகருக்கு நினைவு வருவது மார்பகன்ற வீரன். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துபோய் வில்லன்களைப் பந்தாடுவார். வங்கச் சிறுவர்களுக்கு 1965 முதல் நாராயண் தேவ்நாத் வரைந்த பாண்டுல். தோட்டா பட்டாலும் அசையாத நெஞ்சு. ஃப்யாதாரு இந்த வீரர்களின் நேர் எதிர். சக்தி இருக்கிறது, உடம்பில்லை. பறக்கிறான், போய்ச் சேர இடமில்லை. சித்திர வடிவத்தில் வரும்போது இந்தக் கேலி இன்னும் கூர்மையாகிறது. வீரர்களுக்கென்று வகுக்கப்பட்ட கட்டங்களுக்குள் இப்போது பொய்ப்பல் கிழவனும் கடன்காரக் கவிஞனும் நுழைந்துவிட்டார்கள்.

அவலத்தை வரைந்து சிரிப்பது வங்காளத்துக்குப் புதிதல்ல. நாவலில் தலைகள் உருளும் அதே ஆதி கங்கைக் கரையில், காளிகாட் கோயில் வாசலில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பட ஓவியர்கள் அணாக் கணக்கில் சித்திரம் விற்றார்கள். தெய்வப் படங்களுக்கு நடுவே, மனைவியின் காலடியில் கிடக்கும் மைனர் பாபுக்களும், திருநீறு பூசாத குறையாகப் பக்தி வேஷம் போட்டு மீனைக் கவ்வும் பூனையும் இருந்தன. 1917-இல் ககனேந்திரநாத் தாகூர் கேலிச்சித்திரத் தொகுதிகளே வெளியிட்டார். தானே எழுதித் தானே படம் வரைந்த சுகுமார் ராயின் 'ஆபோல் தாபோல்' 1923-இல், அவர் இறந்து ஒன்பது நாள் கழித்து வெளிவந்தது. சொந்தப் புத்தகத்தைப் பார்க்காமல் போனவர்களின் பட்டியலில் அவரும் உண்டு. ஆதி கங்கை இப்போது சாக்கடை. டாலிகஞ்சிலிருந்து கடியா பக்கம் போகும் மெட்ரோ ரயிலின் தூண்கள் அதன் நடுவிலேயே நிற்கின்றன.

அதே வங்காளத்தில், பெரியவர்களுக்கான சித்திரக்கதை என்று ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்ளப் பல காலம் பிடித்தது. இந்தியாவின் முதல் சித்திர நாவல் என்று சொல்லப்படும் ஒரிஜித் சென்னின் நர்மதைக் கதை 1994-இல் ஆங்கிலத்தில் வந்தது. கொல்கத்தாவின் பழைய ஊழல்களைக் கிண்டிய சார்நாத் பானர்ஜியின் நூல் 2007-இல் வந்ததும் ஆங்கிலத்தில்தான். வங்க மொழியில் படக்கதை என்றால் குழந்தைகள் சமாசாரம். அந்தக் குழந்தைகளை அறுபது ஆண்டு சிரிக்க வைத்த நாராயண் தேவ்நாத்துக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2021-இல். விருது கைக்கு வந்தது 2022 ஜனவரியில், மருத்துவமனைப் படுக்கையில். சில நாட்களில், தொண்ணூற்றாறு வயதில், காலமானார். ஆகவே 'காங்கால் மால்சாட்' போன்ற கெட்ட வார்த்தைக் களஞ்சியத்தை ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியை வங்க மொழியிலேயே சித்திரமாக்கியது துணிச்சலான காரியம்தான். மதுஜா முகர்ஜி திரைக்கதை எழுதியவர், படங்களும் இயக்கியவர். தேசப் பிரிவினையின் காயத்தைச் சொல்லும் 'கிஸ்ஸா' படத்தின் எழுத்தில் அவருக்கும் பங்குண்டு.

சிரித்தால் வழக்கு

அது வெளிவந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 2011-இல் முப்பத்து நான்கு ஆண்டு இடது முன்னணி ஆட்சி முடிந்து மம்தா பானர்ஜி முதல்வரானார். அடுத்த ஏப்ரலில், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைது செய்யப்பட்டார். புதிய முதல்வரைக் கிண்டல் செய்யும் ஒரு கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பினார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை வரையக்கூட இல்லை. அடுத்தவர்களுக்கு அனுப்பினார், அவ்வளவுதான். அவர் மீது போடப்பட்ட சட்டப்பிரிவுகளில் ஒன்றான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றமே செல்லாது என்று தூக்கி எறிந்தது. ஆனாலும் வழக்கு நடந்தது. 2023 ஜனவரியில்தான் அலிப்பூர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு சிரிப்புக்குப் பதினோரு ஆண்டு.

2013-இல் சித்திர நாவல் வந்த அதே ஆண்டில், சுமன் முகோபாத்யாய் இயக்கிய 'காங்கால் மால்சாட்' திரைப்படமும் தணிக்கையில் மாட்டிக்கொண்டது. மம்தா பதவியேற்கும் காட்சி, ஸ்டாலின் பற்றிய குறிப்பு, வசை மொழி என்று ஆட்சேபங்கள் நீண்டன. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய் ஆகஸ்டில் வெளியானது. அந்தத் தீர்ப்பாயமே 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. இடது முன்னணி அரசைக் கேலி செய்ய எழுதிய நாவல் இது. எழுதியவரோ இடதுசாரி. ஆட்சி மாறிய பிறகு கோபித்துக்கொண்டது எதிர் முகாம். படத்தில் கிழட்டுக் காக்கை தண்டவாயஸாக நடித்தவர் பாடகர் கபீர் சுமன். அப்போது அவர் ஆளும் திரிணமூல் கட்சியின் மக்களவை உறுப்பினர். கட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய தொகுதி? ஜாதவ்பூர். கேலிக்கு உள்ளான முதல்வரின் தொகுதி, கைதான பேராசிரியரின் பல்கலைக்கழகம், சித்திரமாக்கிய பேராசிரியையின் துறை, காக்கை வேஷம் கட்டிய எம்.பி.யின் தொகுதி எல்லாம் ஒரே பேட்டை. நபாருணே இப்படி எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்று சொல்லியிருப்பார்கள்.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. எழுத்தாளனின் வறுமையைக் கண்டு அழுதால் எந்த அரசும் ஆட்சேபிப்பதில்லை. மாறாக, அஞ்சலிக் கூட்டத்துக்கு அமைச்சரே வருவார். மாலை, சிலை, நினைவு மண்டபம் எல்லாம் கிடைக்கும். அதே எழுத்தாளன் பசியோடு சிரிக்கத் தொடங்கினால் எந்தக் கட்சி ஆட்சியிலும் நாற்காலி ஆடுகிறது. அழுகிறவன் கருணை கேட்கிறான். சிரிக்கிறவன் கணக்குக் கேட்கிறான்.

கற்பனைக்குக் கிடைத்த ராயல்டி

நபாருண் 2014 ஜூலை 31 அன்று புற்றுநோயால் இறந்தார். அறுபத்தாறு வயது. மகனை முந்தவிட்டு, தாய் மகாஸ்வேதா தேவி இரண்டு ஆண்டு கழித்து, 2016 ஜூலையில் போனார். ஜாதவ்பூரின் முன்னாள் எம்.எல்.ஏ.வான புத்ததேவ் பட்டாச்சார்யா 2024 ஆகஸ்டில் காலமானார். அதே ஆண்டு ரிஜுலா தாஸின் மொழிபெயர்ப்பில் 'காங்கால் மால்சாட்' ஆங்கிலத்துக்கும் போயிற்று. கல்கத்தா சேரிப் பேச்சின் வசைகளை அச்சில் ஏற்றுவதே ஒரு காலத்தில் அதிர்ச்சியாக இருந்தது; இன்று வெளிநாட்டு வாசகர்களுக்காக அவற்றுக்கு ஆங்கிலத்தில் இணை தேட வேண்டியிருக்கிறது.

புரந்தர் பாட்டும் அதிர்ஷ்டசாலிதான். நாவலிலும் சிறுகதைகளிலும் அவர் சிதறவிட்ட கவிதைகளைத் திரட்டி 'புரந்தர் பாட்டின் கவிதைகள்' என்று தனி நூலே வந்துவிட்டது. கதைக்குள் எந்தப் பதிப்பாளரும் சீண்டாத கவிஞருக்குக் கதைக்கு வெளியே தொகுப்பு கிடைத்தது. இளைஞர்கள் அவருடைய வரிகளை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். கொல்கத்தாவில் அவர் மேடை நாடகப் பாத்திரம், திரைப்படப் பாத்திரம், சித்திரப் பாத்திரம்.

நிஜமான புரந்தர்கள் என்ன ஆனார்கள்? கொல்கத்தாவில் ஜனவரி-பிப்ரவரியில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் சிற்றிதழ்களுக்கென்றே தனிக் கூடாரம் உண்டு. சொந்தக் காசைப் போட்டு அச்சடித்த மெல்லிய கவிதை நூல்களோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை அங்கே பார்க்கலாம். சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்களுக்கும் அந்த முகங்கள் பழக்கமானவைதான். வேலை வேறெங்கோ, எழுத்து இங்கே. தமிழிலும் வங்கத்திலும் எழுதி மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். இதில் சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதுகிறவர்களைக் கழித்துவிட்டால் சில விரல்கள் மிஞ்சிப்போகும்.

அவர்களுக்கு நபாருண் விட்டுச்சென்றது ஆறுதல் இல்லை. எழுத்தாளனை உலகம் ஒருநாள் புரிந்துகொள்ளும் என்ற பழைய பொய்யை அவர் சொல்லவில்லை. வறுமை எழுத்தைப் புடம் போடும் என்ற அதைவிடப் பெரிய பொய்யையும் சொல்லவில்லை. காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது வயதுப் பையனை நினைத்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. அவர் கொடுத்தது ஒரு தொனி. தன் அவலத்தைத் தானே முதலில் சிரித்துவிடுகிறவனை யாரும் பரிதாபப்பட்டு ஒதுக்கிவிட முடியாது. அந்தச் சிரிப்பைக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டியதன் மூலம் மதுஜா முகர்ஜி, எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமில்லாதவர்களுக்கும் புரந்தர் பாட்டைக் கொண்டு சேர்த்தார்.

இனி கவியரங்கங்களுக்குத் தலைமை தாங்குகிறவர்கள் ஒரு முறை கூரையை அண்ணாந்து பார்த்துக்கொள்வது நல்லது. அழைப்பிதழ் போகாத கவிஞர் யாராவது மேலே இருக்கக்கூடும்.